கை தலைக்குப் போனால்

தீர்த்தமாட வந்தவர்களில் சிலரை அந்த வருடம் கடல் எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் போயிற்று. அதன் பிறகுதான், கன்னியாகுமரிக் குளிதுறையில் காவலுக்கு நாலு ஆள் வைக்கலாம் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. பக்கத்துக் கடற்கரையிலிருந்து மத்தியாஸையும் சிலுவைமுத்துவையும் மரியஜானையும் எடுத்தார்கள். நாலாவது ஆள் சிலுவைமுத்துவின் தம்பிதான் என்று மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தபோது, தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பனையேறி வந்து நின்றான்.

அவன் பெயர் ரசலையன். பனையிலிருந்து விழுந்து வலது கால் பிசகி, மரத்தைக் கவ்வும் பலம் அந்தக் காலுக்கு இல்லாமல் போயிருந்தது. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அந்தக் கால் எந்தக் குறையும் சொல்வதில்லை. புத்தனாறு கரைபுரண்ட ஒரு மழைக்காலத்தில், ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் வண்டிக்காரனை அவன் நீந்திப் போய் இழுத்து வந்தான். உத்தியோகஸ்தர் அதை மறக்கவில்லை. குளிதுறைக் காவல் என்று பேச்சு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அவனை உள்ளே நுழைத்துவிட்டார். ஆடி அமாவாசை வரை பார்க்கலாம், அதன் பிறகு இவன் ஆவானா மாட்டானா என்று மத்தியாஸ் சொல்லட்டும் என்பது ஏற்பாடு. ஆகாது என்று அவர் சொல்லிவிட்டால் ரசலையனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவன் மனைவி ஜெயபாய் மிஷன் பங்களாவுக்கு நூலில் பின்னிக் கொடுக்கும் ரேந்தைப் பூவேலையில்தான் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மத்தியாஸுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் அது குத்தலாக இருக்கும். "உள்நாட்டாரே, ஆத்துல நீந்துனது போல இங்க நீந்தப்பிடாது கேட்டியளா" என்று முதல் நாளே சொன்னார். கேட்டியளா என்ற அந்த மரியாதையில் மரியாதை ஒரு துளியும் இல்லை. ரசலையன் வேட்டியை மடித்துக் கட்டினான். நீந்திக் காட்டினால் தானாக வாய் அடைபடும் என்று நினைத்துக்கொண்டான்.

வேலை பார்ப்பதற்கு எளிதானது. கரமடி வலை இழுக்கிற நீளக் கயிறு ஒன்று கரையில் சுருட்டி வைத்திருக்கும். யாராவது பாறை வழுக்கியோ அலை அடித்தோ உள்ளே போனால், காவல்காரன் ஒருவன் கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். கரையில் நிற்கிறவர் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். போனவன் ஆளைப் பிடித்துவிட்டு ஒற்றைக் கையைத் தூக்கினால் இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பது எப்போதும் மத்தியாஸ்தான்.

முதல் முறை ரசலையன் குதித்தபோது கயிறு வரவில்லை. கட்டிப் போட்ட கன்றுக்குட்டி துள்ளியது போல இடுப்பில் வெட்டி இழுத்து, அலையில் குப்புற விழுந்து, வாயெல்லாம் மணலாக எழுந்தான். அதற்குள் மரியஜான் கயிறில்லாமலே பாய்ந்து போய் ஆளைக் கொண்டுவந்துவிட்டான். குளிக்க வந்த கூட்டம் சிரித்தது. இரண்டாம் முறையும் இதேதான் நடந்தது. அதற்கடுத்த முறை ரசலையன் கரையைத் திரும்பிப் பார்த்தான். மத்தியாஸ் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இவனை முறைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கு மேல் ரசலையனுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தம்பியின் இடத்தைப் பிடுங்கினவன் என்று வஞ்சம் வைத்து, ஊர் சிரிக்க அவமானப்படுத்தி ஓட்டப் பார்க்கிறார்கள். போதாததற்கு அவர்கள் ரோமன் கத்தோலிக்கர், இவன் லண்டன் மிஷன் புராட்டஸ்டண்ட். ஒரே கர்த்தரைக் கும்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து முகம் சுளிப்பது போல வேறு யாரும் யாரையும் பார்த்து முகம் சுளிப்பதில்லை. மத்தியானம் மத்தியாஸின் மனைவி இசபெல் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவருவாள். மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்காருவார்கள். ரசலையன் தன் சோற்றுப் பொதியை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு பாறை மறைவுக்குப் போய்விடுவான். கூப்பிடுவார்களா என்று காது மட்டும் அங்கேயே இருக்கும். யாரும் கூப்பிட்டதில்லை. அவனுக்கு அழுகை வரும். இத்தனை வயதில் இதற்குப் போயா என்று தன்மேலேயே கோபமும் வரும்.

ஆனால் அவனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நல்ல பழக்கம் என்று அவன்தான் நினைத்திருந்தான். கடலில் இறங்குமுன் அந்த மூன்று பேரும் நெற்றியையும் நெஞ்சையும் தோள்களையும் தொட்டுச் சிலுவை போடுவார்கள். அது ரோமர்களின் வீண் ஆசாரம் என்று அவனுடைய சபையில் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் பிறர் பக்தியை முறைத்துப் பார்ப்பது பண்பில்லையே. அதனால் அவர்கள் கை நெற்றிக்குப் போகும் சமயம் அவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இந்தப் பண்புதான் மரியஜானைக் கொன்றிருக்கும்.

வைகாசியில் மத்தியாஸ் காய்ச்சலில் படுத்துவிட்டார். கோட்டாற்றிலிருந்து வந்த ஒரு செட்டியார் வழுக்கி விழுந்தபோது மரியஜான் கயிற்று நுனியை எடுத்தான். சிலுவைமுத்து தூரத்தில் நின்றதால் வேறு வழியில்லாமல் மறுமுனை ரசலையன் கைக்கு வந்தது. மரியஜான் அலையோரத்தில் நின்று முடிச்சுப் போட்டான். சரி, இனிச் சிலுவை போடுவான் என்று கணக்கிட்டு ரசலையன் முகத்தைத் திருப்பினான். அந்த நேரத்தில் ஒரு அலை வந்தது. மரியஜான் இரண்டு எட்டு பின்வாங்கினான். கயிறு அசைவதைக் கையில் உணர்ந்த ரசலையன், ஆள் குதித்துவிட்டான் என்று எண்ணித் தாராளமாக விட்டுக்கொடுத்தான். அடுத்த அலை அரைகுறை முடிச்சோடு நின்றவனை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. ரசலையன் பதறி இழுத்தபோது வெறும் கயிறுதான் வந்தது.

நல்லவேளையாகச் செட்டியார் தாமாகவே ஒரு பாறையைப் பற்றிக்கொண்டார். மரியஜானைச் சிலுவைமுத்து பாய்ந்து போய் இழுத்து வந்தான். தோள்பட்டை பாறையில் உரசித் தோல் உரிந்திருந்தது. மரியஜான் இருமிக்கொண்டே கிடந்தான். ரசலையனுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இனி ஆடி அமாவாசை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று தோன்றியது.

சங்கதி கேள்விப்பட்டு மத்தியாஸ் கம்பளியைப் போர்த்துக்கொண்டு காய்ச்சலோடு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"கண்ண எங்க வச்சிருந்தே?"

ரசலையன் உள்ளதைச் சொன்னான். "அவன் சிலுவ போடப் போறான்னு திரும்பிக்கிட்டேன்."

"எதுக்குத் திரும்புனே?"

"எங்க சபையில அதெல்லாம் கெடையாது. நிங்க கும்பிடுததப் பாத்துக்கிட்டு நிக்கது முறையில்லன்னு நெனச்சேன்."

மத்தியாஸ் சிலுவைமுத்துவைப் பார்த்தார். சிலுவைமுத்து மரியஜானைப் பார்த்தான். மத்தியாஸ் மறுபடியும் ரசலையன் பக்கம் திரும்பினார்.

"அப்போ இதுவரை நீ போடாமயா குதிச்சே?"

"போடமாட்டேன். நிங்கதான் என்னெ நாலு பேரு முன்னால கேவலப்படுத்தணும்னு கயித்தப் பிடிச்சு வச்சிய."

"எலே, கை தலைக்குப் போவாம நான் எப்படிலே கயித்த விட?" என்றார் மத்தியாஸ். "நீ முடிச்சு போட்டியா போடலியான்னு எனக்குத் தெரியாண்டாமா?"

விஷயம் அவ்வளவுதான். அலை இரைகிற இடத்தில் கூப்பிட்டால் கேட்காது. முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். முடிச்சு இறுகிய பிறகுதான் கை ஒழிந்து நெற்றிக்குப் போகும். ஆகவே கை நெற்றிக்குப் போனால் கயிற்றை விடலாம் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் கடற்கரையில் சிலுவை போடாமல் தண்ணீரில் கால் வைத்த ஆளே அதுவரை இல்லாதபோது, எதற்காகச் சொல்லப் போகிறார்கள்? இவன் முடிச்சை இறுக்காமலே வீம்புக்குக் குதிக்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் வஞ்சத்தில் பிடித்து இழுக்கிறார்கள் என்று இவன் நினைத்தான். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மரியஜான் கிடந்த கிடையில் சிரிக்க ஆரம்பித்தான். தோள் வலித்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இனி என்ன செய்வது என்று யோசித்தார்கள். சிலுவை போடமாட்டேன் என்பதில் ரசலையன் உறுதியாக இருந்தான். அதற்காக மத்தியாஸ் கோபப்படவில்லை. வேறொரு கை அடையாளம் சொல்லு என்றார். ஒற்றைக் கையைத் தூக்கினால் இழு என்றாகிவிடும். கடைசியில் ரசலையன் எழுந்து நின்று, ஆராதனை முடிவில் அவர்கள் போதகர் ஐயர் சபைக்கு ஆசீர்வாதம் கூறுவது போல இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான். இது தெளிவாகத் தெரியும் என்று சிலுவைமுத்து ஒத்துக்கொண்டான். அன்று முதல் அவனுக்கு ஆசீர்வாதம் என்று பெயர் விழுந்தது. அந்தக் கடற்கரையில் பட்டப்பெயர் இல்லாதவன் விருந்தாளி. பட்டப்பெயர் வந்துவிட்டால் ஊர்க்காரன். மறுநாள் மத்தியானம் இசபெல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஆசீர்வாதம் எங்க போனாரு, கறி ஆறிப்போவுதில்லா?" என்று கேட்டபோது, பாறை மறைவில் இருந்த ரசலையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பொதியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. குதிக்கச் சொன்னார்கள், கூட உட்கார்ந்து தின்னச் சொன்னார்கள், ஆனால் கயிற்றை மட்டும் அவன் கையில் கொடுக்கவில்லை. மத்தியாஸ் சற்று நகர்ந்தால் சிலுவைமுத்து வந்து வாங்கிக்கொள்வான். ரசலையன் கேட்கவும் இல்லை. கேட்கும் தகுதி போய்விட்டது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. இப்போதெல்லாம் அவர்கள் சிலுவை போடும்போது கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். பார்த்து என்ன, கயிறுதான் கையில் இல்லையே.

ஆடி அமாவாசை வந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டு கிடந்தது. அப்படிப்பட்ட நாளில்தான் சனங்களுக்குத் தீர்த்தமாட வேண்டும். உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஒரு பெரிய அலை ஏறி இறங்கியபோது, கையைக் கோத்துக்கொண்டு முழுகிய புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் வாரிக்கொண்டு போயிற்று.

ரசலையன் முடிச்சுப் போட்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுக் குதித்தான். கயிறு தாராளமாக வந்தது. முழுகிக் கிடந்த ஒரு பாறைமேல் கால் பாவியபோது தண்ணீர் இடுப்பளவு இருந்தது. புருஷனின் குடுமி இடது கையில் சிக்கியது. அந்த ஆள் பயத்தில் இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனைக் கையிலிருந்து விட்டால் போய்விடுவான். பெண்சாதி இன்னும் ஐந்தாறு பாகத் தூரம் தள்ளி, சேலை மிதக்க, தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தாள். அவளிடம் போகக் கயிறு போதவில்லை.

கரையில் மத்தியாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டான், கை தூக்கினால் இழுக்கலாம் என்று காலை ஊன்றித் தயாராக நின்றார். இரண்டு கையையும் தூக்க ரசலையனால் முடியாது. இருக்கிற ஒரு கையைத் தூக்கினால் இழுத்துவிடுவார்கள். இழுத்தால் அந்தப் பெண் போனதுதான்.

ஒரு கையால் கயிறு கேட்க அந்தக் கடற்கரையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

ரசலையன் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். நெஞ்சுக்குக் கொண்டுவந்தான். தோள்களைத் தொட்டான்.

மத்தியாஸ் ஒரு கணம் திகைத்தார் என்று சிலுவைமுத்து பிறகு சொன்னான். அதன் பிறகு கயிறு அவர் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. ரசலையன் புருஷனையும் இழுத்துக்கொண்டே பாறையை விட்டுப் பாய்ந்தான். சேலைத் தலைப்பு கையில் மாட்டியது. அதைப் பல்லால் கவ்விக்கொண்டு ஒற்றைக் கையைத் தூக்கினான். கரையில் நின்ற பண்டாரங்களும் வியாபாரிகளும்கூடச் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மாள் நிறையத் தண்ணீர் கக்கினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, புருஷன் எங்கே என்று கேட்டாள்.

இழுத்தவர்களில் ஒருவர் கோட்டாற்று ஜவுளிக்காரர். அமாவாசைக் கூட்டத்தில் துண்டு விற்க வந்தவர். ரசலையனின் சபையில் டீக்கனாக இருந்த சத்தியநேசனுக்கு மைத்துனர். இரண்டு உயிர் பிழைத்ததை அவரும் பார்த்தார். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தது, லண்டன் மிஷன்காரன் நட்டநடுக் கடலில் சிலுவை போட்டான் என்ற செய்தி மட்டும்தான்.

அந்த வாரமே சபையிலிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். செய்தது பாவம் என்று சபையார் முன்னிலையில் சொல்லி, அந்த வேலையையும் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் திருவிருந்துக்கு வரக்கூடாது. ஜெயபாய் இரண்டு நாள் ரேந்தை ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கோபப்படவில்லை, பயந்திருந்தாள். ரசலையனுக்கு இரண்டு பக்கமும் இடி. பாவம் என்று சொன்னால் அந்த அம்மாள் பிழைத்ததும் பாவமாகிவிடும். பாவமில்லை என்று சொன்னால் பிறந்த சபை போய்விடும். மத்தியாஸிடம் இதைச் சொல்லி, ஞாயிறு ஊருக்குப் போகிறேன், திங்கள் வந்தால் வந்தேன் என்றான். மத்தியாஸ் உம் என்று மட்டும் சொன்னார். அமாவாசை கழிந்தும் ஆவான் மாட்டான் என்ற வார்த்தையை அவர் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, கோயில் வளவு வாசலில் ஒரு ஆள் வெயிலில் நிற்பதை ரசலையன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். முதல் பூசை கண்ட கையோடு பஸ் பிடித்து வந்திருந்தார் மத்தியாஸ். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரமாட்டேன் என்றுவிட்டார். வாசற்படி தாண்டினால் அவருடைய சாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் கமிட்டி முழுவதும் எழுந்து வாசலுக்கு வந்தது.

மத்தியாஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் பொறந்த காலத்துலருந்து சிலுவ போடுதவன். இந்த ஆளு போட்டது சிலுவயே இல்ல. நாங்க எடத்தோளத் தொட்டுட்டுத்தான் வலத்தோளத் தொடுவோம். இவரு வலத்தோள மொதல்ல தொட்டாரு. அது கயித்த விடச் சொல்லுத கை. நான்தான் கயிறு பிடிச்சவன், எனக்கில்லா தெரியும்."

சத்தியநேசன் ரசலையன் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். எந்தத் தோளுக்கு முதலில் கை போனது என்று தனக்கு நினைவில்லை, கயிறு வேண்டும் என்ற ஒன்றுதான் நினைவில் இருந்தது என்றான் ரசலையன். அது உண்மை. உண்மையைச் சொன்னால் முகத்தில் தெரியத்தானே செய்யும். கமிட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சிலுவை போடத் தெரியாதவன் போட்டது சிலுவையாகுமா என்று ஒருவர் கேட்டார். ஆகாது என்றார் இன்னொருவர். சத்தியநேசன் கெட்ட மனிதரில்லை. தப்பித்துக்கொள்ள அவருக்கும் ஒரு வாசல் வேண்டியிருந்தது. இனிமேல் அடையாளத்துக்கு வேறு ஏதாவது செய்யப் பாரும் என்று புத்தி சொல்லிவிட்டு நாற்காலிகளை எடுத்து வைக்கச் சொன்னார். ஜெயபாய் மத்தியாஸுக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

தக்கலை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ரசலையனுக்கு மனம் கேட்கவில்லை.

"அண்ணே, நெசமாட்டே நான் வலத்தோளத்தான் மொதல்ல தொட்டேனா?"

மத்தியாஸ் துண்டை உதறி மறுபடியும் தலையில் கட்டினார்.

"எல்லாம் முறையாத்தான் போட்டே. நெத்தி, நெஞ்சு, எடம், வலம். எங்க சாமியாருகூட அம்புட்டு நிதானமாப் போடமாட்டாரு."

"பின்னே அங்க வச்சு…?"

"பின்னே என்ன. சனிக்கிழம சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும். வேதம் பிசகுன பதிதர் கோயில் வாசல்ல போயி நின்னது ஒரு பாவம், அங்க வச்சுப் பொய் சொன்னது ஒரு பாவம். ரெண்டையும் சேத்துச் சொல்லிக்கிடுவேன்."

ரசலையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மத்தியாஸ் முதலில் ஏறி, தன் பக்கத்தில் அவனுக்கு இடம் போட்டார். கயிறு ஓடித் தோல் உரிந்த உள்ளங்கைகள் இன்னும் ஆறவில்லை. கம்பியைப் பிடிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கைய வச்சுக் கயிறு பிடிக்க ஒக்காது" என்றார். "நாளைக்கு நான் கடல்ல எறங்குதேன் ஆசீர்வாதம். கயித்த நீ பிடி. கண்ண மட்டும் திருப்பிராத."